வாகனத்தைக் காட்டுகிறோம், வாங்கிய கணக்கைக் காட்டுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் இளைஞர்கள் விலையுயர்ந்த வாகனங்களில் வலம் வருவதைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கடிதங்களைப் படித்தேன். ஒரு சாரார் அதைச் சமுதாய முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொண்டாடுகிறார்கள். மற்றொரு சாரார் ஊதாரித்தனம் என்று கடிந்துகொள்கிறார்கள். பட்டர்வொர்த்தில் வங்கியொன்றின் வாகனக் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இரு தரப்பாரும் தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஒருவர் என்ன தொழில் செய்தார், எத்தனை ஆண்டுகள் சேர்த்தார், எவ்வளவு முன்பணம் கட்டினார், எத்தனை ஆண்டுத் தவணையில் அந்த வாகனத்தை எடுத்தார் என்பதை நம் வீடுகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பிள்ளைகள் தவறான வழியில் கார் வாங்குவதற்கு இந்த மௌனமே முதற்காரணம் என்பது என் உறுதியான கருத்து.

புதுக் கார் வீட்டுக்கு வரும் நாளில் நாம் செய்வதை எண்ணிப் பாருங்கள். கோவில் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாற்றி, நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, தீபாராதனை முடிந்ததும் பழங்கள் நசுங்க வண்டியை முன்னுக்கு எடுக்கிறோம். அன்று மாலைக்குள் அந்தப் படம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் வந்துவிடுகிறது. இந்த வழக்கத்தில் நான் எந்தக் குறையும் காணவில்லை. உழைத்து வாங்கிய பொருளை இறைவன் முன் வைப்பது நல்ல பண்பு. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும் இருபது வயதுப் பையனுக்கு மாமாவின் மெர்சிடிஸ் மட்டுமே தெரிகிறது. அதற்கு முன் மாமா பழைய சாகா காரைப் பல ஆண்டுகள் ஓட்டியதும், வீட்டுக் கடனை முதலில் அடைத்ததும், வந்த பணத்தை வந்த கையோடு செலவழிக்காமல் இருந்ததும் அவனுக்குத் தெரிய வழியில்லை. கண்பட்டுவிடும், கைமாற்றுக் கேட்டு ஆள் வரும், வருமான வரிக்காரர்களின் காதுக்குப் போகும் என்றெல்லாம் அஞ்சி மாமா வாய்திறப்பதில்லை. அந்த அச்சங்கள் எனக்கும் புரிகின்றன. ஆயினும் அந்த அச்சத்தின் விலையை நம் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

விலையுயர்ந்த காரைச் சிரமமில்லாமல் வைத்திருந்தவர்களைப் பணிக்காலத்தில் நிறையவே சந்தித்திருக்கிறேன். அவர்களுள் ஒருவரைச் சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் லோரியில் உதவியாளாகத் தொடங்கி, பின்பு ஓட்டுநராகி, பழைய லோரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி, நாளடைவில் பல லோரிகளுக்கு உரிமையாளரானவர் அவர். கடன் விண்ணப்பத்துக்கு வந்தபோது அவர் கொண்டுவந்த கோப்பு இன்றும் என் நினைவில் இருக்கிறது. வங்கிக் கணக்கறிக்கைகள் மாத வாரியாக அடுக்கப்பட்டிருந்தன; வருமான வரிப் படிவங்களும் கட்டிய ரசீதுகளும் தனியே பின் குத்தி வைக்கப்பட்டிருந்தன; வீட்டுக் கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதம் மேலே இருந்தது. காரின் விலையில் ஏறத்தாழப் பாதியை முன்பணமாகக் கட்ட அவர் அணியமாக இருந்தார். முழுத் தொகையையும் ரொக்கமாகவே கொடுக்கும் வசதி அவருக்கு இருந்தது. ஆனால் லோரி டயரும் பழுதுபார்ப்பும் சொல்லிக்கொண்டு வருவதில்லை என்பதால் கைப்பணத்தைக் கரைக்க விரும்பவில்லை என்றார். என் மேசைக்கு முன் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்ட கேள்வி, “மாதம் எவ்வளவு வரும்?” என்பதுதான். அவர் கேட்டதோ, “முன்கூட்டியே கட்டி முடித்தால் வட்டியில் எவ்வளவு கழியும்?” என்பது. அன்றைய கணக்கு முறையில் தொடக்கத் தவணைகளில்தான் வட்டியின் பங்கு அதிகம் என்பதால், கடைசிக் காலத்தில் அடைத்தால் கழிவு சொற்பமே என்பதை விளக்கினேன். உடனே தவணைக் காலத்தை மேலும் குறைத்துக்கொண்டார்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972ஆம் ஆண்டில் தொடங்கியதிலிருந்து பினாங்குத் தமிழர்களில் எத்தனையோ குடும்பங்கள் அதனால் தலைநிமிர்ந்தன. இன்று அங்கே பொறியாளராகவும் மேலாளராகவும் இருக்கும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டும் வருமானத்தில் நல்ல காரொன்றை வாங்குவது வியப்புக்குரியதன்று. ஆயினும் அதே தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் தொழில்நுட்பரின் நிலைமை வேறு. அவருடைய சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி. ஷிப்ட் படியும் ஓவர்டைமும் சேர்ந்து இன்னொரு பெரிய வரி. மின்னணுத் துறையில் ஆர்டர்கள் ஏறுவதும் இறங்குவதும் வழக்கம். ஆர்டர் குவியும் மாதத்துச் சம்பளச் சீட்டைக் காட்டிக் காரை எடுத்துவிட்டு, ஓவர்டைம் நின்றதும் தவணைக்குத் திண்டாடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். காப்புறுதி முகவர்கள், வீடு நிலம் விற்கும் முகவர்கள் போன்று கமிஷனை நம்பி வாழ்வோருக்கும் இதே நிலைதான். நல்ல மாதத்தை வைத்துக் காரைத் தேர்ந்தெடுப்பவரும், மிக மோசமான மாதத்தில் எவ்வளவு வரும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவரும் ஒரே தொழிலில் இருந்தாலும், மூன்றாவது ஆண்டில் அவர்களுடைய கடன் கணக்குகள் முற்றிலும் வேறாக இருக்கும். மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அவர்களுக்கு வருமானம் தாமதமாகத் தொடங்குகிறது, தொடங்கிய பின் ஏறிக்கொண்டே போகிறது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். எண்களைச் சொல்லாமல் அறிவுரை மட்டும் சொல்லும் கடிதங்களால் யாருக்கும் பயன் இல்லை. 180,000 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் நெடுங்காலம் வழக்கில் இருந்த நிலையான வட்டி முறையில், வட்டி ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச முன்பணமான 10 விழுக்காட்டை, அதாவது 18,000 வெள்ளியைக் கட்டி, மீதி 162,000 வெள்ளியை ஒன்பது ஆண்டுக் கடனாக எடுத்தால் வட்டி மட்டும் 51,030 வெள்ளி ஆகும். மாதத் தவணை 1,972 வெள்ளி 50 காசு. இதே காருக்கு 40 விழுக்காடாக 72,000 வெள்ளி முன்பணம் கட்டி, மீதி 108,000 வெள்ளியை ஐந்தே ஆண்டில் அடைப்பதானால் வட்டி 18,900 வெள்ளி; மாதத் தவணை 2,115 வெள்ளி. இரண்டு தவணைகளுக்கும் இடையிலான வேறுபாடு 142 வெள்ளி 50 காசு மட்டுமே. வட்டியில் உள்ள வேறுபாடோ 32,130 வெள்ளி. அந்தப் பணத்தில் பயன்படுத்திய மைவி சிறுகார் ஒன்றை வாங்கிவிடலாம். வட்டி விகிதம் 3.5 என்று கேட்கச் சிறியதாகத் தெரிந்தாலும், அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும்போது இந்த முறையில் முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடப்படுவதால், ஒன்பது ஆண்டுக் கடனில் உண்மையான விகிதம் ஆண்டுக்கு 6 விழுக்காட்டையும் தாண்டிவிடும்.

இரண்டாவது வழியில் போகக் கூடுதலாக வேண்டியது 54,000 வெள்ளி முன்பணம். மாதம் 1,000 வெள்ளி ஒதுக்கினால் நான்கரை ஆண்டில் அது சேரும். மைவியோ பெஸாவோ ஓட்டிக்கொண்டு, அதன் சிறிய தவணையையும் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் 1,000 வெள்ளியை ஒருவரால் எடுத்து வைக்க முடிகிறது என்றால், பெரிய காரின் தவணையைத் தாங்கும் திறனும் அவருக்கு இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். எடுத்து வைக்க முடியவில்லை என்றால், வங்கி கடன் கொடுத்தாலும் அந்தக் கார் அவருக்கு இப்போது உரியதன்று. வங்கி ஒப்புதல் அளித்துவிட்டது என்பதைத் தகுதிச் சான்றிதழாக நம் இளைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதலில் கையெழுத்திட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவணை திரும்ப வருமா என்பதை வங்கி பார்க்கிறது, தவணை கட்டிய பிறகு வீட்டில் அரிசி பருப்புக்கும் தாய் தந்தையின் மருந்துக்கும் என்ன மிஞ்சும் என்பதைக் குடும்பம்தான் பார்க்க வேண்டும். மாதம் 5,000 வெள்ளி சம்பளம் வாங்கும் ஓர் இளைஞருக்கு ஊழியர் சேமநிதிக்காக 11 விழுக்காடு, அதாவது 550 வெள்ளி போய்விடும். சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வருமான வரிப் பிடித்தமும் கழிந்தால் கைக்கு வருவது 4,400 வெள்ளிக்கும் குறைவு. அதில் 1,972 வெள்ளி 50 காசு தவணை என்றால், பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே பாதியளவு வருமானம் காருக்குப் போய்விடுகிறது.

பெட்ரோலோடும் செலவு நிற்பதில்லை. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் பதிவான 1,500 சிசி சலூன் காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 90 வெள்ளி; 2,000 சிசிக்கு 380 வெள்ளி; 2,500 சிசிக்கு 880 வெள்ளி; 3,000 சிசிக்கு 2,130 வெள்ளி. பயன்படுத்திய பெரிய காரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் இந்த ஏணியைக் கவனிப்பதில்லை. கார் பழையதாவதால் இந்த வரி குறைவதில்லை. டயர் விலையும் உதிரிப்பாக விலையும் குறைவதில்லை. காப்புறுதியில் கோரிக்கை இல்லாதோருக்கான கழிவு 55 விழுக்காட்டை எட்ட ஐந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், தன் பெயரில் முதன்முதலாகக் காப்புறுதி எடுக்கும் இளைஞர் அந்தச் சலுகையும் இல்லாமல்தான் தொடங்குகிறார். முதல் கார் சிறியதாக இருந்தால் இந்தக் கழிவும் மலிவாகச் சேர்ந்துவிடும் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டாமா?

தொழில் செய்யும் நண்பர்களிடையே பரவியிருக்கும் ஒரு நம்பிக்கையையும் குறிப்பிட வேண்டும். “நிறுவனத்தின் பெயரில் எடுத்தால் வரியில் மிச்சம்” என்று சொல்லிப் பெரிய காரை நியாயப்படுத்துவது வழக்கமாகிவிட்டது. வணிக உரிமம் இல்லாத பயணிகள் காரின் விலை 150,000 வெள்ளியைத் தாண்டினால், வரிக் கழிவுக்காக வருமான வரிச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மூலதனம் 50,000 வெள்ளி மட்டுமே. அதற்கு மேற்பட்ட விலைக்கு மூலதனக் கழிவு கிடையாது. 150,000 வெள்ளிக்கு மேற்படாத புதிய காருக்குக்கூட 100,000 வெள்ளிதான் உச்சவரம்பு. வரியை மிச்சப்படுத்த 300,000 வெள்ளிக் காரை வாங்குவதாகச் சொல்பவர் தம் கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். அதற்குப் பதிலாக இன்னொரு லோரியை வாங்கினால் அது அவருக்குச் சம்பாதித்தும் கொடுக்கும்.

குறுக்கு வழிகளைப் பற்றி எழுதும்போது என் மனம் கனக்கிறது. “சம்போங் பாயார்” என்ற பெயரில், வேறொருவர் எடுத்த கடனைத் தொடர்ந்து கட்டுவதாக வாய்மொழியாக ஒப்புக்கொண்டு பிஎம்டபிள்யூ காரை ஓட்டித் திரியும் இளைஞர்கள் செபராங் பிறையில் மட்டுமல்ல, கிள்ளானிலும் செந்தூலிலும் உள்ளனர். கடன் முடியும் வரை அந்தக் காரின் உரிமை நிதி நிறுவனத்துக்கே உரியது. அதன் ஒப்புதலின்றிக் கைமாற்றுவது சட்டப்படி குற்றம். ஓட்டுபவரின் கையில் பதிவும் இல்லை, கடனும் அவர் பெயரில் இல்லை. கட்டிய பணத்துக்கு அவரிடம் சான்றும் இல்லை. அவர் தவணையை நிறுத்தினால் மூலக் கடனாளியின் பெயர் கெடுகிறது. மூலக் கடனாளி மனம் மாறினால் இவருடைய பணம் போகிறது. விபத்து நேர்ந்தால் இருவருமே தவிக்கிறார்கள். முன்பணத்துக்காகக் கூட்டு எனப்படும் சீட்டுப் பிடிப்பவர்களும் உண்டு. கூட்டு நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் 1971ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எடுத்தவர் ஓடிவிட்டால் முறையிடப் போக இடமில்லை.

பிள்ளைக்காக ஜாமீன் கையெழுத்திடும் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடனுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளித்திருக்கிறது. ஆனால் கடனுக்கான பொறுப்பு அதனால் மறைந்துவிடவில்லை. ஓய்வுபெற்ற தந்தை ஒருவர் மகனுடைய காரின் நிலுவைக்கான கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கியில் காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். கார் ஏற்கனவே பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் போயிருந்தது. ஏலத்தில் கிடைத்த தொகை கடனுக்குப் போதவில்லை. கார் போன பிறகும் கடன் இருக்கும் என்பதை அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

தவணை தவறியவர்களுக்கு உள்ள உரிமைகளையும் நம் மக்கள் அறிவதில்லை. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறிய பிறகே பறிமுதல் நடவடிக்கையைத் தொடங்க முடியும். அதற்கு முன் 21 நாள் அவகாசத்துடன் எழுத்து வடிவில் அறிவிப்புத் தர வேண்டும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணையில்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. வீட்டு வாசலில் வந்து மிரட்டும் ஆளைக் கண்டதும் சாவியைக் கொடுத்துவிடுபவர்கள் இதை அறிந்திருந்தால் நிதானமாக நடந்துகொள்வார்கள். நிலைமை கைமீறுவதற்கு முன், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் நிறுவிய ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகலாம். கட்டணம் கிடையாது. வெட்கப்பட்டு, ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போகும் தம்பி, தங்கைகள் முதலில் அங்கே போக வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சேமநிதியைப் பற்றியும் கவலை இருக்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஊழியர் சேமநிதியில் எந்நேரமும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்திருக்கிறது. அவசரத்துக்கு அது பேருதவி. ஆனால் கார் முன்பணத்துக்கும் கவர்ச்சியான எண் பட்டைக்கும் அதைத் துடைத்து எடுப்பவர்கள், 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி 6.30 விழுக்காடு இலாப ஈவு அறிவித்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வயதில் எடுக்காமல் விட்ட 10,000 வெள்ளி, ஆண்டுக்கு 5 விழுக்காடு மட்டுமே வளர்வதாகக் கொண்டாலும், ஐம்பத்தைந்து வயதில் 43,000 வெள்ளிக்கு மேல் ஆகியிருக்கும்.

பெரிய கார் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் கலால் வரி எஞ்சின் அளவைப் பொறுத்து 60 முதல் 105 விழுக்காடு வரை போவதால் வெளிநாட்டுக் கார்கள் எளியோருக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. அத்தகைய காரை நேர்மையாக உழைத்து வாங்கும் தமிழரைக் காணும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. லோரிக்காரர் தம் காரை எடுத்துச் சென்ற அன்று எங்கள் அலுவலகத்தில் அனைவரும் வெளியே வந்து வழியனுப்பினோம். அவரைப் போன்றவர்களிடம்தான் என் வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளை, தங்கை மகனை, கோவில் இளைஞர் பகுதியில் இருப்பவர்களை ஒருநாள் உட்கார வைத்து, உங்கள் தவணை அட்டவணையை எடுத்துக் காட்டுங்கள். என்ன விலை, எவ்வளவு முன்பணம், எத்தனை ஆண்டு, அதற்கு முன் என்ன கார் ஓட்டினீர்கள், எதை வேண்டாமென்று விட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். உறவினர்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் உங்கள் பிள்ளைகளிடமாவது சொல்லுங்கள்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. காரை முழுதாகக் கட்டி முடித்த வாசகர்கள், பெயர் இன்றியே தங்கள் தொழிலையும் கணக்கையும் எழுதி அனுப்ப, வாரம் ஒருமுறை ஒரு சிறு பகுதியை ஒதுக்கித் தர வேண்டுகிறேன். எண்களைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் அந்தப் பணியை ஊதியமின்றிச் செய்து கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு